செம்மறிப்பால் சீஸ் எண்ணெய் கசிகிறது, கெட்டுவிட்டதா?

அரைத்தூக்கம்:

தெரிந்தவர் ஒருவர் பயணம் போய்த் திரும்பும்போது ஒரு பெரிய துண்டு சீஸ் கொண்டுவந்து கொடுத்தார். செம்மறி ஆட்டுப்பாலில் செய்தது, 12 மாதம் முதிர வைத்தது, லேபிளில் மான்செகோ என்று போட்டிருக்கிறது. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். எனக்குத் தெரிந்த சீஸ் எல்லாம் சதுரமாகத் தனித்தனித் தாளில் சுற்றி வருகிற வகைதான். இதை எப்படிக் கையாள்வது என்று தெரியாமல், வந்த அன்றே ஓரத்தில் ஒரு சீவல் வெட்டித் தின்றுபார்த்துவிட்டு மீதியைப் பிளாஸ்டிக் ராப்பில் நாலு சுற்று இறுக்கிச் சுற்றி ஃபிரிட்ஜில் போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ஏமாற்றம்தான். மெழுகைக் கடித்த மாதிரி இருந்தது, கடைசியில் லேசாக ஒரு காரம், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து நேற்று எடுத்தேன். பிரித்ததும் ஆட்டுக்கொட்டகை வாடை குப்பென்று அடித்தது. ஒரு மூலையில் பச்சையாகச் சின்னதாய்ப் பூசணம். உள்ளே அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். சரி யோசிப்போம் என்று மேசையிலேயே வைத்துவிட்டு ஒரு போன் பேசிவிட்டு வந்தால், வெட்டின பக்கம் முழுக்க முத்துமுத்தாக எண்ணெய். வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தது.

தூக்கிப் போட மனசு வரவில்லை, தின்னப் பயமாக இருக்கிறது. கெட்டுவிட்டதா? இல்லையென்றால் மீதியை எப்படி வைத்துக்கொள்வது, ஃப்ரீசரில் போடலாமா? எனக்கு இது ஒரு ஆளாகத் தின்று தீர்க்கிற அளவு இல்லை.

மேசைக்கத்தி:

தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் சொன்ன நாலில் மூன்று கெட்டுப்போனதற்கான அடையாளமே இல்லை, நாலாவதைக் கத்தியால் தீர்த்துவிடலாம்.

முதலில் எண்ணெய். அது பால்கொழுப்பு. செம்மறிப் பாலில் கொழுப்பு மட்டும் 6 முதல் 7 சதவீதம் இருக்கும், பசும்பாலில் ஏறக்குறைய அதில் பாதிதான். சீஸ் ஆகும்போது தண்ணீர் போகப் போக இந்தக் கொழுப்பு இன்னும் செறிகிறது. மான்செகோ ஸ்பெயினின் செம்மறிச் சீஸ், அதில் ஈரத்தைக் கழித்த எடையில் குறைந்தது பாதி கொழுப்பாக இருக்க வேண்டும் என்பதே விதி. அப்படிப்பட்ட ஒன்றை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறைச் சூட்டில் வைத்தால் கொழுப்பில் ஒரு பகுதி இளகி வெளியே வரத்தான் செய்யும். வியர்ப்பதற்குச் சற்று முன்னால்தான் அதைத் தின்ன வேண்டிய நேரம், நீங்கள் பார்த்தது அதைத் தாண்டின கட்டம். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஆனால் தினமும் இப்படி மணிக்கணக்கில் வெளியே வைத்து, வியர்க்கவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினால் சீக்கிரம் காறிப்போகும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

வாடை. இறுக்கிச் சுற்றின பிளாஸ்டிக்குக்குள் இரண்டு வாரம் அடைந்து கிடந்தால் எந்த சீஸும் அப்படித்தான் நாறும். பிரித்து அரைமணி நேரம் காற்றாட வைத்துவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். கொட்டகை வாடை குறைந்து, வறுத்த கொட்டை மாதிரி, லேசாகக் கம்பளி மாதிரி ஒரு மணம் மட்டும் மிஞ்சினால் அது நல்ல சீஸ். மூக்கைக் குத்துகிற அமோனியா நெடியோ, பழைய எண்ணெய்ச் சிக்கு வாடையோ போகாமல் நின்றால் அப்போது யோசிக்கலாம்.

வெள்ளைப் புள்ளி. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கெட்டியாக, பல்லில் நறுக்கென்று கடிபட்டால் அது டைரோசின் படிகம். மாதக்கணக்கில் முதிரும்போது பாலின் புரதம் சிதைந்து அமினோ அமிலங்களாகிறது, அதில் தண்ணீரில் எளிதில் கரையாத டைரோசின் ஒன்றுசேர்ந்து உறைகிறது. அதைக் கண்டால் ஆள் வயசானவர் என்று மரியாதை கொடுங்கள். பஞ்சு மாதிரி இருந்து விரலில் ஒட்டி வந்தால்தான் பூசணம்.

அந்தப் பச்சைப் பூசணம்: இது கெட்டி சீஸ் என்பதால் தப்பித்தீர்கள். பூசணத்தைச் சுற்றிலும், அடியிலும் ஒரு அங்குலம், அதாவது சுமார் 2.5 சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறியுங்கள். கத்தி பூசணத்தைத் தொடக் கூடாது. தொட்ட கத்தியை நல்ல பக்கத்தில் இழுத்தால் விதைப்பதற்குச் சமம். இதே பூசணம் மென்மையான சீஸிலோ, துருவி வைத்ததிலோ, சீவி வைத்ததிலோ வந்திருந்தால் முழுதாக எறியச் சொல்லியிருப்பேன், அங்கே அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும்.

அந்த மெழுகுச் சுவைதான் எனக்குப் புரியவில்லை. ஓட்டை நீக்கிவிட்டுத்தானே தின்றீர்கள்?

அரைத்தூக்கம்:

ஓடா? கருப்பாக, பாய் முடைந்த மாதிரி கோடு கோடாக ஒன்று சுற்றிலும் இருந்தது. அதுவும் சீஸ்தான் என்று நினைத்து சேர்த்தே தின்றேன்.

மேசைக்கத்தி:

அப்படியென்றால் மெழுகைக் கடித்த மாதிரி இல்லை, மெழுகையே கடித்திருக்கிறீர்கள் :)

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு துண்டு உள்ளே போனால் ஒன்றும் ஆகாது. அந்தப் பாய்முடைவு கோடு ஒரு காலத்தில் எஸ்பார்த்தோ என்கிற புல்லைப் பின்னிய பட்டையில் திரைந்த பாலை அழுத்தியதால் விழுந்த தடம், இப்போது அச்சிலேயே அந்தக் கோலத்தை வைத்துவிடுகிறார்கள். அதன்மேல் பெரும்பாலும் பாரஃபின் மெழுகோ, பூசணம் வராமல் தடுக்கிற பூச்சோ இருக்கும். தின்பதற்கானது இல்லை. வெட்டும்போது மட்டும் நீக்குங்கள், மொத்தத் துண்டுக்கும் முன்கூட்டியே உரித்துவிடாதீர்கள், மீதித் துண்டுக்கு அதுதான் காவல்.

கரடுமுரடு:

ஃப்ரீசர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. போடலாம், ஆனால் அதற்கப்புறம் அது தட்டில் வைத்துத் தின்கிற சீஸ் இல்லை. உள்ளே இருக்கிற ஈரம் பனிக்கட்டியாகி இழைவை உடைத்துவிடும், உருகினதும் பொலபொலவென்று மணல் மாதிரி உதிரும். துருவிச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு, சூப்பிலோ பாஸ்தாவிலோ சேர்க்க மட்டும் என்றால் சரி. நான் ஒரு தடவை முழுத்துண்டாகப் போட்டேன். அப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் எல்லாவற்றின் மேலும் சீஸ் தூள்தான்.

உப்புக்கல்:

மேசைக்கத்தி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் வைத்துக்கொள்வது எப்படி என்கிற பாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது, அதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புவார்கள். நானும் குழம்பித்தான் கற்றுக்கொண்டேன்.

எல்லாரும் சொல்வது, பிளாஸ்டிக் வேண்டாம், தாளில் சுற்று. காரணம் நியாயமானதுதான். இறுக்கின பிளாஸ்டிக்குக்குள் சீஸ் விடுகிற ஈரம் வெளியே போக முடியாமல் மேலேயே தங்கும், பூசணம் அதைத்தான் தேடுகிறது. இன்னொன்று, கொழுப்பு சுற்றியிருக்கிற எதன் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சுவை ஏறின சீஸை ஒரு தடவை ருசித்துவிட்டால் அப்புறம் மறக்காது. அதனால் நானும் கேக் தட்டில் விரிக்கிற பேக்கிங் பேப்பரில் அழகாகச் சுற்றி, ஒரு நூல்கூடக் கட்டி, ஃபிரிட்ஜ் தட்டில் வைத்தேன். பத்து நாளில் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரிக் காய்ந்து வெடித்துவிட்டது.

எங்கே தப்பு என்றால், அந்த அறிவுரை எல்லாம் சீஸ் முதிர வைக்கிற நிலவறையை மனதில் வைத்துச் சொல்வது. அங்கே ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி, ஈரப்பதம் 80, 90 சதவீதம். நம் வீட்டுப் பனிகட்டாத ஃபிரிட்ஜ் விசிறி வைத்து உள்காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும் இயந்திரம். அங்கே வெறும் தாள் போதாது. இரண்டு அடுக்கு வேண்டும். சீஸைத் தொடுவது தாள், பேக்கிங் பேப்பரோ மெழுகுத்தாளோ, சீஸுக்கென்றே செய்த தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு வெளியே ஒரு டப்பா, இல்லையென்றால் வாயை முழுக்க மூடாத ஜிப் பை. தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், டப்பா காற்று வீச்சைத் தடுக்கும். காய்கறி வைக்கிற கீழ் இழுப்பறையில் வையுங்கள், மற்ற இடங்களைவிட அங்கே ஈரம் அதிகம், கதவைத் திறந்து மூடும்போது சூடு ஏறி இறங்குவதும் குறைவு. கதவு அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். வெங்காயம் பக்கத்திலும் வேண்டாம், கொழுப்பைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

தாளை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் மாற்றுங்கள். பழைய தாளிலேயே எண்ணெய் ஊறி, அந்த எண்ணெய் காறி, அந்த வாடை திரும்ப சீஸில் ஏறும். சோம்பேறித்தனப்பட்டு நான் இழந்த துண்டுகளுக்குக் கணக்கில்லை. தாளின் மேல் தேதி எழுதி வைக்கிற பழக்கமும் நல்லது. டப்பாவின் உட்புறத்தில் நீர்த்துளி நிற்கிறதா என்று நாலு நாளைக்கு ஒரு தடவை பாருங்கள், நின்றால் துடைத்துவிட்டு மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ஓரம் காய்ந்தால் இறுக்குங்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது, உங்கள் ஃபிரிட்ஜின் குணத்தைப் பொறுத்தது.

வெட்டின கெட்டி சீஸ் இப்படி வைத்தால் மூன்று நாலு வாரம் நன்றாகவே இருக்கும். உங்களிடம் இருக்கிற அளவுக்கு நான் என்ன செய்வேன் என்றால், இரண்டாக வெட்டி ஒரு பாதியைப் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி மூடி, அதாவது வேக்குவம் பண்ணி வைத்துவிடுவேன். அந்த இயந்திரம் இல்லையென்றால் ஒரு பாதியைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், நல்ல பெயராவது கிடைக்கும்.

ரெண்டாம்பிறை:

வேக்குவம் என்றதும் ஞாபகம் வருகிறது, அதைப் பிரித்த உடனே தின்னாதீர்கள். கசங்கின மாதிரி ஒரு புளிப்பு வாடை அடிக்கும். தாளுக்கு மாற்றி ஒரு நாள் விட்டால் தன் மணத்துக்குத் திரும்பிவிடும்.

நான் எழுத வந்தது வேறு. ஆலிவ் எண்ணெயில் போட்டு வைப்பதைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். மான்செகோ செய்கிற ஊரிலேயே அப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பூண்டு, ரோஸ்மேரி எல்லாம் போட்டு ஒரு ஜாடி தயார் பண்ணி சமையலறை அலமாரியில் வைக்கலாம் என்று இருக்கிறேன், பார்க்கவும் அழகாக இருக்கும்.

உப்புக்கல்:

அலமாரியில் வைக்காதீர்கள். பூண்டோ பச்சை மூலிகையோ எண்ணெய்க்குள் முங்கி, காற்றில்லாமல், அறைச் சூட்டில் கிடப்பதுதான் பாட்டுலிசம் என்கிற ஆபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமிக்குப் பிடித்த இடம். அது விடுகிற நஞ்சுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. எண்ணெயில் வைக்கிற வழக்கம் உண்மைதான், ஆனால் வீட்டில் செய்தால் வெறும் எண்ணெயும் சீஸும் மட்டும், ஃபிரிட்ஜில், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிற அளவு. பூண்டு வேண்டும் என்றால் தின்னும் அன்றைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டின முகத்தில் மட்டும் ஒரு துளி எண்ணெயை விரலால் தடவி அப்புறம் தாளில் சுற்றுவது வேறு விஷயம், அது காய்வதைத் தள்ளிப்போடும். நான் செய்வதுண்டு.

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் நன்றி. பூசண மூலையை வெட்டி எறிந்தேன், கத்தியைக் கழுவினேன், வெள்ளைப் புள்ளி நறுக்கென்று கடிபட்டது, அரைமணி நேரத்தில் கொட்டகை வாடையும் போய்விட்டது. இப்போது தாள், டப்பா, கீழ் இழுப்பறை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, சரியாகத் தின்பது எப்படி? எதனோடு? இரண்டாவது, வீட்டில் ஒருவர் சைவம், பால் சாப்பிடுவார், சீஸும் சாப்பிடுவார், ஆனால் இந்தச் சீஸில் ஆட்டுக்குடலில் இருந்து எடுத்த ஏதோ சேர்ப்பார்கள் என்று எங்கோ படித்துவிட்டுத் தொடமாட்டேன் என்கிறார். உண்மையா?

ஏழாம்சுவை:

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலைத் திரைய வைக்க ரென்னெட் என்ற ஒன்று வேண்டும். பழைய முறையில் அது பால்குடி மாறாத கன்று, ஆட்டுக்குட்டி இவற்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது. குடல் இல்லை, இரைப்பை, ஆனால் உங்கள் வீட்டுச் சைவக்காரருக்கு அந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. இத்தாலியின் செம்மறிச் சீஸான பெக்கொரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டி ரென்னெட்தான் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதிலிருக்கிற கொழுப்பை உடைக்கும் நொதிதான் அந்த சீஸின் சுள்ளென்ற காரத்துக்குக் காரணம். ஆகவே அது எந்த நாளும் சைவம் ஆகாது. மான்செகோவில் வேறு அனுமதிக்கப்பட்ட உறைபொருளும் சேர்க்கலாம் என்பதால் லேபிளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தெளிவாகச் சைவம் வேண்டுமென்றால் போர்ச்சுகலின் செர்ரா த எஷ்த்ரெலா, ஸ்பெயினின் தோர்த்தா தெல் கசார் இரண்டையும் தேடுங்கள், கார்டூன் என்கிற முள்செடியின் பூவை ஊறவைத்த நீரில்தான் பாலைத் திரைப்பார்கள். இரண்டும் செம்மறிப்பால்தான். ஆனால் உங்களுடையது மாதிரி கெட்டி இல்லை, உள்ளே கூழாக இருக்கும், கரண்டியால் எடுத்துத் தின்பது, அதனால் இங்கே சொல்கிற சேமிப்பு முறை அதற்குப் பொருந்தாது.

இப்போது தின்பது. குளிர்ச்சியாகத் தின்றால் இந்த சீஸில் பாதி சுவை வாயில் திறக்கவே திறக்காது. கொழுப்பு உறைந்து கிடந்தால் மணமும் அதோடு சேர்ந்து உறைந்து கிடக்கும். அன்று தின்னப் போகிற அளவை மட்டும் வெட்டி எடுங்கள், மீதியை உடனே உள்ளே வையுங்கள். குளிர்ச்சியாக இருக்கும்போதே வெட்டினால் உதிராது. ஓட்டை மேலும் கீழும் சீவிவிட்டு, அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் முக்கோணமாக. அப்புறம் தட்டில் பரப்பி, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரைமணி முதல் ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். வெயில் காலத்தில் இருபது நிமிஷமே தாராளம். துண்டின் மேல் லேசாக மினுமினுப்பு வரும், அந்த நேரம்.

தின்னும்போது அவசரப்படாமல் கவனியுங்கள். முதலில் வெண்ணெய், அப்புறம் வறுத்த கொட்டை, கடைசியில் தொண்டையில் ஒரு சுருக். அந்தச் சுருக் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களால் வருவது, மூன்று பெயரும் லத்தீனில் வெள்ளாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. செம்மறிப் பாலிலும் அவை தாராளம், பசும்பாலில் குறைவு. நீங்கள் முதல் நாள் சொன்ன "லேசாக ஒரு காரம்" அதுதான், மெழுகையும் தாண்டி வந்திருக்கிறது பாருங்கள். நிறத்தையும் கவனித்திருப்பீர்கள், பசும்பால் சீஸ் மஞ்சளாக இருக்கும், இது தந்தம் மாதிரி வெளுப்பு. புல்லில் இருக்கும் மஞ்சள் நிறமியான பீட்டா கரோட்டினைப் பசு பாலிலேயே விட்டுவிடுகிறது, செம்மறி அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது.

எதனோடு என்றால் இனிப்பு. உப்பும் கொழுப்பும் மிகுந்த ஒன்றுக்கு இனிப்பும் புளிப்பும் கலந்தது எதிரே நின்றால்தான் இரண்டும் பேசும். மான்செகோவோடு குயின்ஸ் என்கிற பேரிக்காய் ஜாதிப் பழத்தின் களியை வைப்பது ஸ்பெயின் வழக்கம், பிரான்ஸின் பிரனீஸ் மலைப்பக்கம் ஒஸோ இராத்தி சீஸுக்குக் கருஞ்செர்ரி ஜாம், பெக்கொரினோவுக்குத் தேனும் பேரிக்காயும். இதெல்லாம் இல்லையென்றால் அத்திப்பழம், ஆப்பிள், தேன், வால்நட், எது கைக்குக் கிடைக்கிறதோ அது. அதிகம் அடுக்காதீர்கள், ஒரே ஒரு துணை போதும். முதல் துண்டைத் துணையில்லாமல் தின்றுவிடுங்கள்.

கரடுமுரடு:

பெக்கொரினோ என்று சும்மா சொல்லாதீர்கள், அதில் நான் ஏமாந்தவன். பெக்கோரா என்றால் இத்தாலியனில் செம்மறி ஆடு, எனவே பெக்கொரினோ என்றால் வெறுமனே செம்மறிச் சீஸ், மூன்று வாரம் ஆனதும் அதே பெயர், ஒரு வருஷம் ஆனதும் அதே பெயர். தேனோடு தின்னலாம் என்று ஆசையாக ரொமானோவை வாங்கிவந்து வாயெல்லாம் உப்பு. அது முக்கியமாகத் துருவிச் சேர்ப்பதற்கான ரகம். மேசையில் வைக்க 5 மாதம், துருவ 8 மாதம் முதிர வேண்டும் என்று விதி, ஆனால் 5 மாதத்தது கூட உப்புக்கட்டிதான். பெயர் ரொமானோ, பெரும்பகுதி செய்வது சார்தீனியாத் தீவில். தின்பதற்கு என்றால் தொஸ்கானோவில் ஸ்தஜொனாத்தோ, சார்தோவில் மத்தூரோ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், இரண்டுக்கும் முதிர்ந்தது என்று அர்த்தம். மான்செகோவில் செமிகுராதோ, குராதோ, வியெஹோ என்று வயது ஏறிக்கொண்டே போகும்.

லேபிளில் ஸ்பானிஷில் ஒவேஹா, பிரெஞ்சில் ப்ரெபி, போர்ச்சுகீஸில் ஒவேல்யா என்று இருந்தால் செம்மறி. அந்தச் சொல்லே இல்லாமல் படத்தில் மட்டும் ஆடு நின்றால் பசு, வெள்ளாடு, செம்மறி என மூன்று பால் கலந்ததாகவும் இருக்கலாம்.

ரெண்டாம்பிறை:

கரடுமுரடு, அந்த உப்புக்கட்டியை நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் ரொமானோவைச் சூடான பாஸ்தாவில் துருவிப் போட்டால் எப்போதும் ரப்பர் உருண்டையாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்கிறது.

கரடுமுரடு:

சூடு அதிகம். சீஸ் புரதம் கொதிநிலை வரைக்கும் தாங்காது, சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டி, கொழுப்பு தனியாகப் பிரிந்துவிடும். அடுப்பை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். பொடிப்பொடியாகத் துருவி, பாஸ்தா வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவைத்துக் குழைத்துப் பசையாக்கிக்கொண்டு சேர்த்தால் இன்னும் நல்லது, அந்தத் தண்ணீரில் இருக்கிற மாவுச்சத்துதான் திரளாமல் பிடித்து வைக்கிறது. பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமலிருக்க வேறு மாவு கலந்திருப்பார்கள், அதை வைத்துச் செய்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். உப்பு தனியாகச் சேர்க்க வேண்டாம்.

நடுப்பகல்:

எல்லாம் படித்தேன். ஒரு துண்டு சீஸுக்கு இவ்வளவு பாடா? தாள் மாற்று, தேதி எழுது, டப்பாவைத் துடை, கிண்ணத்தைக் கவிழ்... குழந்தையை வளர்ப்பதே இதைவிடச் சுலபம் போலிருக்கிறது. ஆயிரம் வருஷமாக ஆடு மேய்ப்பவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறிய சாமான் இது. ஃபிரிட்ஜா இருந்தது அவர்களிடம்?

மேசைக்கத்தி:

பாதி சரி. செம்மறி வருஷம் முழுக்கப் பால் கொடுக்காது, குட்டி போட்டபின் சில மாதம்தான், அதுவும் நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர். கறக்கிற காலத்தில் கிடைக்கிற பாலைக் கறக்காத காலத்துக்குக் கடத்துவதற்குக் கண்டுபிடித்ததே இந்தக் கெட்டி சீஸ். அதாவது இந்தச் சீஸே ஒரு சேமிப்பு முறைதான், நாம் சேமிப்பையே சேமிக்கக் கஷ்டப்படுகிறோம்.

மீதிப் பாதி எங்கே தப்பு என்றால், அவர்கள் சுமந்தது ஓடு மூடிய முழு வட்டம். வெட்டாத வட்டத்துக்கு நம் பராமரிப்பு ஒன்றுமே வேண்டாம், குளிர்ந்த இடமும் அவ்வப்போது ஒரு துடைப்பும் போதும். ஒரு தடவை கத்தி பட்டதும் கதை மாறிவிடுகிறது, உள்ளே இருந்த ஈரமும் கொழுப்பும் முதல் தடவையாகக் காற்றைப் பார்க்கின்றன. அதனால் உண்மையிலேயே பாடு வேண்டாம் என்றால் 150, 200 கிராமாக வாங்கி ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான். அரைத்தூக்கத்துக்கு யாரோ கால் வட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அவர் என்ன செய்வார் பாவம்.

ஏழாம்சுவை:

ஒன்று சொல்ல விட்டுப்போனது, முக்கியமானது. முதிர்ந்த சீஸில் டைரமைன் என்ற பொருள் சேரும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் எம்ஏஓ தடுப்பான் என்று ஒரு வகை உண்டு, அதைச் சாப்பிடுகிறவர்கள் இந்த மாதிரி சீஸைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறிவிடும். சிலருக்கு ஒற்றைத் தலைவலியையும் இழுத்துவிடும் என்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் காய்ச்சாத பாலில் செய்ததா என்று லேபிளைப் பார்த்து மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நேர்மாறாக, பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இது ஒத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் முதிர்ந்ததில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் அநேகமாக மிச்சமே இருக்காது. ஆனால் பால் புரதம் அலர்ஜி என்றால் அது வேறு, அவர்களுக்கு எந்தச் சீஸும் கூடாது.

உப்புக்கல்:

நீலப்பூசண வகை, ரோக்ஃபோர்ட் மாதிரி ஏதாவது பின்னால் வாங்கினால் இதே டப்பாவில் போடாதீர்கள். அதுவும் செம்மறிப்பால்தான், ஆனால் அதன் பூசணம் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் குடிபோய்விடும். அதற்கு அலுமினியத் தாள், தனி டப்பா.

அரைத்தூக்கம்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். ஓரம் காயவில்லை, டப்பாவில் ஒரே ஒரு நாள் நீர்த்துளி பார்த்தேன், துடைத்துவிட்டு மூடியின் ஒரு மூலையைத் திறந்து விட்டேன், அதற்கப்புறம் இல்லை. பூசணமும் திரும்பவில்லை. தாளை மூன்று தடவை மாற்றினேன், ஒரு தடவை மறந்துவிட்டேன், அந்தத் தடவை எண்ணெய்க் கறை டப்பா வரைக்கும் இறங்கியிருந்தது.

நேற்று சாயங்காலம் சொன்னபடியே செய்தேன். குளிரோடு வெட்டி, ஓட்டை நீக்கி (இந்தத் தடவை நீக்கினேன்!), கிண்ணத்தைக் கவிழ்த்து நாற்பது நிமிஷம். ஒரே சீஸ்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு மெழுகு என்று சொன்னேனே, அந்த இடத்தில் வறுத்த பாதாம் மாதிரி ஏதோ, அப்புறம் அந்தச் சுருக், பல்லில் அங்கங்கே படிகம். தேன் வைத்திருந்தேன், இரண்டாவது துண்டுக்குத்தான் தொட்டேன்.

சைவக்காரருக்காக லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததில் விலங்கு ரென்னெட் என்றே போட்டிருக்கிறது. அவர் தொடவில்லை, ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து மணம் பார்த்துவிட்டு, அந்த முள்செடிப் பூ சீஸின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். கால் கிலோவை சீஸ் கொண்டுவந்து கொடுத்தவருக்கே வெட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கியதும் செய்த முதல் காரியம், பிளாஸ்டிக் ராப்பை எடுத்ததுதான்.